வெந்நீர் காய்ச்சும் நேரம் (தெள்ளார் – ஆரணி வட்டாரம்)

திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசியை அடுத்த தெள்ளாரிலும், ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்திலும் வீட்டு அறைகளைச் சூடாக்கும் வழக்கம் இல்லை. மார்கழிக் குளிருக்குப் போர்வை போதும். எனவே சூட்டுக்கென்று ஒரு வீடு செலவழிப்பது பெரும்பாலும் குளியல் வெந்நீருக்குத்தான். எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறோம் என்பதைவிட, காய்ந்த நீர் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்பதே அந்தச் செலவைத் தீர்மானிக்கிறது.

பழைய ஏற்பாடுகளில் காய்ந்த நீர் சும்மா நில்லாதபடி தானாகவே அமைந்திருந்தது. புறக்கடை அடுப்பில் தவலையை ஏற்றி, சீமைக்கருவேல விறகோ மல்லாட்டைத் (வேர்க்கடலைத்) தோலோ போட்டு எரித்தார்கள். வீட்டார் ஒருவர் பின் ஒருவராகக் குளித்து முடிக்கும்வரைதான் தீ. வசதியுள்ள வீடுகளில் செம்புப் பாய்லர் இருந்தது. அதன் நடுக்குழாயில் கரி எரியும், சாம்பல் அடித்தட்டில் விழும். மேலே புனல் வழியே ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் இறங்கி, அதே அளவு வெந்நீரைக் குழாய் வழியே வெளியே தள்ளும். ஊற்றினால்தான் வரும் என்பதால் வெந்நீர் வீணாவது குறைவு. தெர்மோஸ்டாட் இல்லாத இந்தக் கருவி, பின்னால் வந்த பலவற்றைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் விறகுப் புகை பெண்களின் நெஞ்சில் சேர்ந்ததையும் கணக்கில் வைக்க வேண்டும்.

1868இல் லண்டனில் பெஞ்சமின் மாகன் எரிவாயுவால் ஓடும் கீசரை உருவாக்கினார். இன்று நம் வீடுகளில் அந்தப் பெயரில் தொங்குவது பெரும்பாலும் மின்சாரத் தொட்டி. 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 0.6 யூனிட் வேண்டும். 2 கிலோவாட் கீசருக்கு இது 18 நிமிட வேலை. பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு வாளிக் குளியல் நீர் கிடைக்கும். அணைத்து அணைத்துப் போட்டால் ஆறிய நீரை மறுபடி காய்ச்ச அதிகம் செலவாகும், எப்போதும் போட்டே வைப்பதுதான் லாபம் என்பார்கள் சிலர். ஆனால் தொட்டிச் சூட்டுக்கும் சுற்றுக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகத்தில் சூடு வெளியேறும். ஆறிக்கொண்டிருக்கும் தொட்டி குறைவாகவே இழக்கும். 60 டிகிரியில் பிடித்து வைத்த தொட்டி நாள் முழுதும் இழந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்த வாதம் நிற்காது. அதற்காகச் சூட்டையே குறைத்து வெதுவெதுப்பாக நாள்கணக்கில் தேக்கி வைத்தால் கிருமி வளரும். 60 டிகிரிக்குக் காய்ச்சி உடனே பயன்படுத்துவதே சரி.

இரவில் காய்ச்சினால் மலிவு என்ற எண்ணமும் உண்டு. பிரிட்டனில் 1978 முதல் ஒரு கட்டணத் திட்டத்தில் இரவில் 7 மணி நேரம் மின்சாரம் மலிவு. அங்கே அது பொருந்தும். தமிழ்நாட்டு வீட்டு மீட்டர் மணி பார்ப்பதில்லை, இரண்டு மாத யூனிட்டைத்தான் பார்க்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய் ஆனது. 501 ஓடினால் 1,958 ஆனது. கடைசி ஒரு யூனிட்டின் விலை அப்போது 233 ரூபாய்! மறந்து போட்டுவிட்ட கீசர் இந்தக் கோட்டைத் தாண்டவைக்கப் போதும். ஒன்றிய அரசின் 2023 விதிகள், விவசாயம் தவிர்த்த இணைப்புகளுக்கு 2025 ஏப்ரலிலிருந்து நேரவாரிக் கட்டணம் என்கின்றன. அவற்றின்படி இங்கும் ஸ்மார்ட் மீட்டர் வந்தால் பகல் வெயில் நேர மின்சாரம் மலிவாகும். அப்போதும் மாலைக் குளியலுக்கு நாலு மணிக்குக் காய்ச்சுவது லாபமே தவிர, விடியற்காலைக் குளியலுக்கு முந்தைய பகலில் காய்ச்சி வைப்பது லாபமாகுமா என்பது தொட்டியின் காப்புறையைப் பொறுத்தது.

பட்டுச் சாயப் பட்டறைகளில் இந்தக் கணக்கு வெகுநாளாகத் தெரியும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசை. அதைப் போக்கச் சோப்பு நீரைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருக்க வேண்டும். கொப்பரை சூடாக இருக்கும்போதே அடுத்தடுத்த பட்டு நூல் முடிகளை இறக்கினால், ஆறிய நீரைத் திரும்பக் காய்ச்சும் விறகு மிச்சம்.