கதவைத் திறந்தவர்கள்: இளையோர் பரிமாற்றத்தின் வரலாறும் நமது ரூ பஜோலும்

ரூ பஜோல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயமும், கோடை முடிகிற வேளையில் நடக்கும் தேர் ஊர்வலமும்தான். படிக்கிற பிள்ளைகளுக்கு அது வாக்லாவ் ஹாவெல் நூலகம் இருக்கும் தெரு. அந்த நூலகத்தோடு ஒரே கூரையின் கீழ், முன்பு ரயில்வேயின் சரக்குக் கொட்டகையாக இருந்த 'ஆல் பஜோல்' கட்டடத்தில், 2013 முதல் ஓர் இளையோர் விடுதி நடக்கிறது. 300க்கு மேற்பட்ட படுக்கைகள் உண்டு. கூரையில் சூரிய மின்தகடுகள் பதித்திருக்கிறார்கள். முதுகுப்பையோடு வாசலில் நிற்கும் பல நாட்டு இளையோரை நாம் அடிக்கடி பார்க்கிறோம். சுற்றுலா வந்தவர்கள் என்று எண்ணிக் கடந்துபோகிறோம்.

இப்படியான விடுதிகளும், இன்று நம் இளையோர் குழுக்கள் ஆசையோடு பேசும் 'பன்னாட்டு இளையோர் பரிமாற்றமும்' எப்படித் தொடங்கின? அந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு இருப்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வைக்கோல் படுக்கை

1909 ஆகஸ்டில் ஜேர்மனியில் ரிச்சார்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர் தம் மாணவர்களை நீண்ட நடைப்பயணம் அழைத்துச் சென்றார். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒதுங்க இடம் தேடியவர்களுக்கு விடுமுறையில் கிடந்த ஒரு கிராமப் பள்ளிக்கூடம் கிடைத்தது. வைக்கோலைப் பரப்பிப் படுத்தார்கள். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிகளைத் திறந்துவிட்டால், தொழிற்சாலை நகரங்களில் வளரும் ஏழைப் பிள்ளைகளும் ஊர் பார்க்கலாமே என்று அந்த இரவில் அவருக்குத் தோன்றியது. 1912இல் அல்தேனா நகரத்துப் பழைய கோட்டையில் முதல் நிரந்தர விடுதி உருவானது.

இரண்டு ஆண்டுகளில் முதல் உலகப் போர் வெடித்தது. பிரான்ஸ் மட்டும் சுமார் 14 இலட்சம் படைவீரரை இழந்தது. 1918இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன, வெறுப்பு ஓயவில்லை. மகனை இழக்காத வீட்டைத் தேட வேண்டியிருந்த ஒரு நாட்டில், ஜேர்மானியருக்குக் கதவைத் திறப்பது எளிதாக இருந்திருக்குமா?

வெர்டனில் ஒரு முயற்சி

1920இல் பியேர் செரேசோல் என்ற சுவிஸ் பொறியியலாளர், பல நாட்டவரைக் கொண்ட ஒரு சிறு குழுவோடு வெர்டன் அருகே குண்டுவீச்சில் தரைமட்டமான ஒரு சிற்றூருக்குப் போனார். அந்தக் குழுவில் ஜேர்மானியரும் இருந்தார்கள். தம் நாட்டுப் படையும் சேர்ந்து அழித்த ஊரைத் தம் கைகளால் திருத்திக் கொடுக்க வந்தவர்கள் அவர்கள். குடில்கள் கட்டினார்கள், பாதைகளைச் சீர்செய்தார்கள். ஆனாலும் ஜேர்மானியர் அங்கே இருப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. சில மாதங்களில் குழு திரும்ப வேண்டியதாயிற்று.

முதல் முயற்சி இப்படித்தான் முடிந்தது. செரேசோல் அதோடு நிற்கவில்லை. அவர் தொடங்கிய பன்னாட்டுத் தொண்டர் இயக்கம் இன்றும் உலகமெங்கும் பணிமுகாம்களை நடத்துகிறது. 1934இல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது அவர் இந்தியாவுக்கும் வந்து, வீடிழந்த மக்களுக்கு ஊர் அமைக்க உழைத்தார்.

பியேர்வில் முகாம்

பிரான்சில் இதே காலத்தில் மார்க் சாங்னியே என்ற கத்தோலிக்கர் வேறொரு வழியில் முயன்றார். 1873இல் பாரிசில் பிறந்தவர். தொழிலாளரையும் மாணவரையும் ஒன்றுசேர்த்து அவர் வளர்த்த 'சியோன்' இயக்கத்தை 1910இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் கண்டித்தார். சாங்னியே கீழ்ப்படிந்து இயக்கத்தைக் கலைத்தார். திருச்சபையை விட்டு விலகவில்லை. உலகப் போரில் படையில் பணியாற்றினார். போர் முடிந்ததும், களத்தில் எதிரே நின்றவர்களின் பிள்ளைகளைத் தேடிப் போனார்.

1923இல் பிரெஞ்சுப் படை ஜேர்மனியின் ரூர் பகுதியைப் பிடித்து வைத்திருந்த நேரத்திலேயே, ஜேர்மனியின் பிரைபுர்க் நகரில் அவர் சமாதான மாநாடு கூட்டினார். 1926 ஆகஸ்டில் பாரிசுக்குத் தெற்கே பியேர்வில் என்ற இடத்தில் இருந்த தமது சொந்த மாளிகையையும் தோட்டத்தையும் திறந்துவிட்டார். 30க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 5,000 இளையோர் வந்தார்கள். வெளிநாட்டவரில் ஜேர்மானியரே அதிகம். தங்குவதற்கான கூடாரங்களைப் பிரெஞ்சு இராணுவமே கொடுத்து உதவியது. போருக்குத் தைத்த துணியின் கீழ் இரு நாட்டுப் பிள்ளைகளும் அருகருகே உறங்கினார்கள். 1929இல் அதே பியேர்வில்லில் பிரான்சின் முதல் இளையோர் விடுதியை சாங்னியே தொடங்கினார். 'பொற்கதிர்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். ரூ பஜோலில் நாம் பார்க்கும் விடுதி அந்த வழியில் வந்த ஒன்றுதான்.

மறுபடியும் போர், மறுபடியும் விருந்து

பத்தே ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் வந்தது. அப்படியானால் பியேர்வில் வீணா? நமக்கும் இந்தக் கேள்வி எழுகிறது. பதிலை அந்தப் போரின் நடுவிலேயே தேடலாம்.

1940இல் சுவிற்சர்லாந்திலிருந்து ரோஜே என்ற 25 வயது இளைஞர் தனியாக பர்கண்டிப் பகுதியின் தேசே என்ற சிற்றூருக்கு வந்து ஒரு வீட்டை வாங்கினார். தப்பியோடி வந்த யூதர்களுக்கும் பிற அகதிகளுக்கும் அங்கே இடம் கொடுத்தார். போர் முடிந்ததும் அருகிலிருந்த முகாம்களில் அடைபட்ட ஜேர்மன் போர்க்கைதிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வீட்டுக்கு அழைத்து உணவளித்தார். நேற்று அகதிகள் இருந்த மேசையில் இன்று அவர்களைத் துரத்திய நாட்டவர். ஊராருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

தேசே பின்னர் உலக இளையோர் கூடும் இடமாக வளர்ந்தது. 1985இன் இறுதியில் தேசே சகோதரர்கள் நம் சென்னையிலேயே கண்டங்களை இணைக்கும் இளையோர் சந்திப்பை நடத்தினார்கள்.

அரசுகள் மெதுவாகத்தான் பின்தொடர்ந்தன. 1963 ஜனவரி 22 அன்று தெகோலும் அதனவரும் எலிசே உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் பிரெஞ்சு–ஜேர்மன் இளையோர் அலுவலகம் உருவானது. அதன் வழியாக இதுவரை 90 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லை கடந்து பழகியிருக்கிறார்கள். 1987இல் எராஸ்முஸ் திட்டம் 3,244 மாணவரோடு தொடங்கியது. முதலில் அது பல்கலைக்கழக மாணவருக்கே உரியதாக இருந்தது. இன்றோ 13 முதல் 30 வயது வரையுள்ள எந்த இளையோரும் குழுவாகப் பரிமாற்றத்தில் பங்குபெறலாம். வசதி குறைந்தோரும் உடற்குறை உள்ளோரும் விடுபடாதிருக்க மேலதிக உதவியும் உண்டு.

நமது தெருவில் யார் வெளியே?

2015 ஜூன் 2 அன்று லாச்சப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழ் கூடாரமிட்டிருந்த அகதிகளைக் காவல்துறை அப்புறப்படுத்தியது. போக இடமில்லாத சிலர் ரூ பஜோலுக்கு, அந்த இளையோர் விடுதியின் பக்கத்துக்கே வந்தார்கள். சூடான், எரித்திரியா போன்ற நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் பலர். ஜூன் 8 அன்று அங்கிருந்தும் அவர்களை அகற்றினார்கள். அயலவர் சிலர் அவர்களுக்கு உணவும் உடுப்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள். விடுதிக்குள் இருந்தவர்களும் வெளியே நடைபாதையில் கிடந்தவர்களும் ஏறக்குறைய ஒரே வயதினர். உள்ளே இருந்தவர்களிடம் கடவுச்சீட்டும் பணமும் இருந்தன.

நம் பெற்றோருக்கு இது புதிய காட்சியல்ல. 1983க்குப் பின் இந்த நகரத்துக்கு வந்தவர்களில் பலர், ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு, யாரோ விரித்துக் கொடுத்த பாயில்தான் முதல் இரவைக் கழித்தார்கள். பாயை விரித்தவருக்கும் அன்று பெரிய வசதி இருக்கவில்லை.

இன்று நம்மில் பலரிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது. கோடையில் எந்த நாட்டுக்குப் பரிமாற்றம் போகலாம் என்று பேசுகிறோம். நல்லது, போகத்தான் வேண்டும். ஆனால் நம் இளையோர் கூட்டத்தையே ஒருமுறை பார்ப்போம். இங்கே பிறந்து பிரெஞ்சில் பேசிச் சிரிப்பவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள். அண்மையில் வந்து, பிரெஞ்சு பிடிபடாமல், வேலை முடிந்த களைப்போடு வருகிறவர்கள் கடைசி வரிசையில் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் இரு பக்கமும் வெவ்வேறு வாசலால் போகின்றன. இருவரும் தமிழர், இருவரும் ஒரே சபை. இவர்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தைக் கடக்க விமானச்சீட்டு தேவையில்லை.

ஷிர்மான், செரேசோல், சாங்னியே, ரோஜே ஆகிய நால்வரும் தம்மிடம் இருந்ததைக் கொண்டே தொடங்கினார்கள்: ஒரு பள்ளிக்கூடம், இரண்டு கைகள், ஒரு தோட்டம், ஒரு வீடு. மூவர் அழைத்தது ஊரார் விரும்பாத விருந்தினரை. அந்நியரை உபசரிக்க மறவாதிருக்கும்படி எபிரெயர் நிருபம் நமக்குச் சொல்வதும் இதைத்தான்.

ஆகவே இரண்டு காரியங்களைச் செய்ய முயல்வோம். எங்கே போகலாம் என்று திட்டமிடும்போதே, யாரை இங்கே அழைத்து நம் வீடுகளில் தங்கவைக்கலாம் என்பதையும் பேசுவோம். பயணக் குழுவின் பெயர்ப்பட்டியலை எழுதும்போது கடைசி வரிசையில் இருப்பவரிடம் முதலில் கேட்போம். அவருடைய வதிவிட அட்டையில் சிக்கல் இருந்தால், அது தீரும்வரை பயணத்தைத் தள்ளிவைக்கலாம். அல்லது அவரும் வரக்கூடிய ஓர் இடத்தைத் தெரிந்துகொள்ளலாம். இந்த ஞாயிறு கூட்டம் முடிந்ததும், இதுவரை பேசாத ஒருவரோடு ரூ பஜோல் வரை நடந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவோம்.