துலாக்கோலில் பிறந்த சொற்கள்

மைய அரசு அலுவலகங்களில் நாள்தோறும் வழங்கும் சொற்கள் சில உள: பென்ஷன், ஸ்டைபண்டு, பெண்டிங், சஸ்பென்ஷன், டிபென்டன்ட். இவை ஐந்தும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்பதைப் பலர் அறியார்.

இலத்தீன் மொழியில் 'பெந்தெரே' என்னும் வினை, தொங்கவிட்டு நிறுத்தலைக் குறிக்கும். அதன் உடன்பிறப்பான மற்றொரு வினை தொங்குதலைக் குறிக்கும். பண்டை உரோமர்க்குத் தொடக்கத்தில் நாணயம் இல்லை. வெண்கலக் கட்டிகளை நிறுத்தே விலை செலுத்தினர். ஆகவே, நிறுத்தல் என்ற சொல்லே செலுத்துதல் என்றும் பொருள்பட்டது. நாணயம் வந்த பின்னரும், இத்தாலிய நிலத்தையும் அடிமைகளையும் கைமாற்றும் சடங்கில் ஐந்து சாட்சிகளோடு துலாக்கோல் பிடிப்போன் ஒருவனும் நின்றான். வாங்குவோன் வெண்கலத் துண்டொன்றால் அத்துலாவைத் தட்டினான்.

கி.மு. 406இல் உரோமர் தம் காலாட்படைக்கு ஊதியம் வழங்கத் தொடங்கினர் என்பர் லிவி. அவ்வூதியமே 'ஸ்டிபெண்டியம்'. 'பென்சியோ' என்பது தவணையாகச் செலுத்தும் தொகை. கி.பி. 6இல் அகஸ்டஸ், ஓய்வுபெறும் வீரர்க்கெனத் தனிக் கருவூலம் நிறுவி, மரபுரிமைச் சொத்தில் நூற்றுக்கு 5 வரி விதித்தார். 20 ஆண்டு பணியாற்றிய வீரன் பெற்ற தொகை 12,000 செஸ்டர்ஸ்.

எண்ணுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் இவ்வேரினதே. உறவில்லாத நம் தமிழிலும் 'தூக்கு' என்பது தொங்கவிடுதல், நிறுத்தல், ஆராய்தல் ஆகிய மூன்றையும் சுட்டுதல் வியப்பிற்குரியது.

நிற்க. என் தந்தையார் ஓய்வுபெற்றபின் அவர்தம் பென்ஷன் கோப்பு ஓர் அலுவலகத்தில் பதினான்கு திங்கள் 'பெண்டிங்' எனக் கிடந்தது. கோப்போடு எங்கள் குடும்பமும் தொங்கியது. பணம் வந்த அன்று தந்தையார், "பெரிய மனம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள்" என்று கைகூப்பினார். அக்காட்சி இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

ஓய்வூதியம் அரசின் அருட்கொடை அன்று, முன்னர் ஆற்றிய பணிக்குரிய உரிமை என நகரா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. அச்சொல்லின் வேர் கூறுவதும் அதுவே. நிறுத்துக் கொடுப்பது கொடையாகாது. ஒரு தட்டில் உழைப்பு இருக்க, மறுதட்டில் வைக்கப்படும் ஈடே அது. இன்று அத்தகைய கோப்புகள் என் மேசைக்கும் வருகின்றன. அவற்றை மாலைக்குள் அனுப்பிவிட்டே நான் எழுகின்றேன்.