ஓடமும் ஊசியும்

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவதை நம் பாட்டிமார் விரும்ப மாட்டார்கள். தாத்தாவின் பழைய வேஷ்டி, அம்மாவின் நைந்த புடவை, பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளர்ந்த வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய கந்தல்: இவைதாம் முதல் உடுப்பு. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போன துணி உடம்பை உறுத்தாது, கண்ணும் படாது. ஆகவே, இன்று ராயபுரத்தில் தொட்டில் போடும் வைபவத்துக்குப் போகிறவர்கள் கையில் கொண்டு போகும் வெள்ளைச் சட்டையும், அதன் மார்பில் காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முயல்குட்டியும் வெளியூர் விருந்தாளிகள்தாம். அவை வந்த வழியை விசாரிக்கப் போனால் கடற்கரையில் கொண்டு போய் விடுகிறது.

ராயபுரம் என்ற பெயரே ராயப்பர் கோயிலால் வந்தது என்பார்கள். பீட்டர் என்ற அப்போஸ்தலரைத் தமிழில் ராயப்பர் என்கிறோம். அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் படகுக்காரர்கள். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சாமானும் மனிதரும் மசூலாப் படகில் ஏறி அலையைக் கடக்க வேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு இந்தக் கரையின் அலையில் விண்டு போகும். தைத்த படகோ அடி விழும்போது சற்று நெகிழ்ந்து கொடுக்கும். துணி தைக்கிறவர்களுக்கும் தெரிந்த ரகசியம் இது.

துறைமுக வேலை 1875-ல் தொடங்கியது. 1881-ல் முடியும் தறுவாயில் ஒரு புயல் வந்து சுவர்களைத் தகர்த்துவிட்டுப் போயிற்று. சிங்கர் கம்பெனியின் தையல் மிஷின் இந்தியாவுக்கு வந்ததும் அதே 1870-களில்தான். அப்போது சென்னைக்கு வந்து இறங்கிய மிஷின்கள் மசூலாப் படகில்தான் வந்திருக்க வேண்டும். இரும்பு ஊசியைக் கயிற்றுத் தையல் கரை சேர்த்தது என்று நினைக்க எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

யந்திரங்களைப் பற்றிக் காந்திஜியிடம் 1924-ல் டில்லியில் ராமச்சந்திரன் என்ற மாணவர் கேட்டார்: எல்லா யந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா? சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு உண்டு என்றார் மகாத்மா. மனைவி கையால் தைத்துத் தைத்து அலுப்பதைக் காணச் சகியாமல், அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தாராம். உண்மையில் 1851-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஐஸக் சிங்கர் நாடக நடிகராயிருந்தவர், பணத்தில் குறியானவர். பல பெண்களிடம் பெற்ற குழந்தைகள் மட்டும் இருபதுக்கு மேல். அந்த வீட்டுக்குத் தொட்டில் சட்டை தைக்கவே ஒரு பட்டறை வேண்டியிருந்திருக்கும்! ஆனால் அதே பேச்சில் காந்திஜி சொன்ன அளவுகோல் இந்தக் கதையோடு விழுந்துவிடாது: யந்திரம் மனிதனின் கைகால்களைச் சூம்ப வைக்கக் கூடாது.

மிதி மிஷினில் முயல் போடுகிறவளைப் பார்த்தால் அது புரியும். துணியை அமுக்கும் பாதத்தைக் கழற்றிவிடுகிறாள். துணியை இழுத்துச் செல்லும் பற்களையும் தாழ்த்திவிடுகிறாள். இனி மிஷினுக்குத் திசை தெரியாது; ஊசி ஏறி இறங்கும், அவ்வளவுதான். மெல்லிய காகிதத்தில் முயலின் உருவைச் சுற்றி ஊசித் துளைகள் போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தை அதன்மேல் தேய்த்தால் துணியில் புள்ளிப் புள்ளியாகக் கோலம் விழும். துணியை வளையத்தில் தம்பட்டம் போல் இறுக்கி, இரு கையாலும் அந்த வளையத்தை நகர்த்துகிறாள். காலில் வேகம், கையில் திசை. ரோமம் எந்தப் பக்கம் படிகிறதோ அந்தப் பக்கமே நூலும் சாய வேண்டும். கண்ணைக் கடைசியில்தான் வைப்பாள். ஒரு நூல் இடம் பிசகினால் முயல் பெருச்சாளியாகிவிடும். பின்புறத்து முடிச்சுகள் பிஞ்சு மார்பைக் கீறும் என்பதால், விஷயம் தெரிந்தவர்கள் உள்ளே ஒரு பழைய வேஷ்டித் துண்டை வைத்துத் தைத்துவிடுவார்கள். பாட்டியின் கட்சி அங்கே ஜெயித்து விடுகிறது.

யந்திரப் பூவேலைக்கு வேறொரு வம்சமும் உண்டு. பிரான்ஸின் மூலூஸ் நகரத்து ஜோஸுவே ஹைல்மான் 1828-ல் செய்த மிஷினில், பெரிய படத்தின்மேல் ஒருவர் முள்ளை நகர்த்த, வரிசை வரிசையான ஊசிகள் அதையே சிறிதாக்கித் துணியில் போட்டன. ஸ்விட்சர்லாந்தில் இஸாக் குரோப்லி 1863-ல் அதற்குத் தொடர்ந்து ஓடும் நூலும் ஒரு நாடாவும் கொடுத்தார். நாடாவின் வடிவத்தால் அந்த மிஷினுக்கு ஷிஃப்லி என்று பெயர். அந்த ஊர்ப் பேச்சில் சின்னப் படகு என்று அர்த்தம். நம் நெசவாளர்களும் நாடாவை ஓடம் என்றுதான் சொல்கிறார்கள். ஒருவரை ஒருவர் கேட்டா வைத்தார்கள்?

அந்த வம்சத்தின் பேரன்தான் இன்றைய கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின். பல தலைகள், ஒரே சமயத்தில் பல முயல்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கு நூல் அறுந்தால் கோப்பதும், வளையம் மாற்றுவதும்தான் வேலை. சட்டை மலிவாகிறது, தையலும் சீராக விழுகிறது. ஏழைத் தாயும் வாங்க முடிகிறது என்றால் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மிதி மிஷினை வைத்துக் குடும்பம் நடத்தியவளுக்குப் பெயர் எழுதுவதும் கிழிசலை மறைப்பதும்தான் மிஞ்சுகின்றன. கை சூம்பத் தொடங்குவது அங்கேதான்.

படங்களும் தயாராகவே வந்துவிடுகின்றன. 1902-ல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டையில் ஒரு கரடியைச் சுட மறுத்தார். அதைப் பத்திரிகையில் கேலிச்சித்திரமாகப் போட்டார்கள். பொம்மைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த டெடி கரடி இன்று திருவொற்றியூர்க் குழந்தையின் மார்பிலும் ஏறியிருக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் நிற்கும் கொக்கு வேண்டுமென்றால் கம்ப்யூட்டருக்குப் புதிதாக வரைந்து கொடுக்க வேண்டும். ஒரு சட்டைக்காக அந்தச் செலவை யார் செய்வார்கள்? மிதி மிஷின்காரியிடம் கேட்டால், "ஒத்தைக் கால்லயா, ரெண்டு கால்லயா?" என்று மட்டும் கேட்பாள்.