ஈர விறகின் எடை

விறகுக் கடையை எங்கள் பக்கத்தில் 'விறகுத் தொட்டி' என்போம். சென்னையிலும் அதே பெயர்தான். கேஸ் வருவதற்கு முன்னால் பேட்டைக்குப் பேட்டை ஒரு தொட்டி இருந்தது. திறந்த வெளியில் சவுக்குக் கட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். வாசலில் ஒரு பெரிய தராசு தொங்கும். மழைக்காலத்தில் அந்தத் தராசு யாருக்குச் சாதகமாக இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டணத்துக்கு வடக்கேயிருந்து விறகு வந்தது பெரும்பாலும் தண்ணீர் வழியாக. 1806ல் பேசில் காக்ரேன் வெட்டத் தொடங்கிய கால்வாய் முதலில் எண்ணூருக்கும், பிறகு பழவேற்காடு ஏரிக்கும் போயிற்று. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசித்த ஜனங்களைக் கூலிக்கு வைத்து கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் வந்தன. ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகும் இப்படித்தான் நம் அடுப்புகளுக்கு வந்தது. ராக்கெட் தளத்துக்கு 1969ல் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது ரொம்பப் பின்னால் நடந்த கதை.

ரயிலுக்கும் விறகு வேண்டியிருந்தது. 1856 ஜூலை 1ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்த பாதை திருவள்ளூர் வழியாகத்தான் போகிறது. அதே வருஷம் மதராஸ் மாகாணத்தின் வனப் பாதுகாவலரான டாக்டர் ஹியூ கிளெக்ஹார்ன், ரயிலுக்காகக் காடுகள் அழிவதைப் பற்றிக் கவலைப்பட்டவர். கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதில் இந்த விறகுத் தேவைக்குப் பெரிய பங்கு உண்டு.

சவுக்கு பச்சையாக இருந்தாலும் எரியும் என்று அதற்கு ஒரு புகழ் உண்டு. உண்மைதான். ஆனால் அந்தப் புகழ் வியாபாரிக்கு ரொம்ப வசதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ விறகில் 40 கிலோ தண்ணீர் என்றால் மரம் 60 கிலோதான். நன்றாகக் காய்ந்து 15 கிலோ தண்ணீர் இருந்தால் மரம் 85 கிலோ. போதாக்குறைக்கு ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் செலவாகிறது. காசு ஒன்றுதான்; கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு சூடு. மிச்சம் புகை, அதுவும் அம்மாக்களின் கண்ணுக்கு.

கும்மிடிப்பூண்டியில் விறகு பாய்லர் வைத்திருந்த ஒரு ஆலையில் நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். அங்கே தராசுக்குப் பதில் எடை மேடை, மற்றபடி அதே கதை. ஐப்பசியில் வரும் லாரிகள் எடை மேடையில் கம்பீரமாக நிற்கும். பாய்லர்காரர் மட்டும் முனகுவார். கடைசியில் ஒவ்வொரு லோடிலும் ஒரு துண்டை வெட்டி, லேபில் 105 டிகிரியில் எடை குறையாமல் நிற்கும்வரை உலர்த்திப் பார்த்து, அதற்கேற்பப் பணத்தைப் பிடித்தோம். சப்ளையர்கள் சண்டைக்கு வந்தார்கள். லேப் இருந்ததால் எங்களுக்கு அது முடிந்தது.

மழை நனைப்பது ஒன்று, மரத்துக்குள் இருக்கும் ஈரம் வேறொன்று. முன்னது மேலோடு இருக்கும், நாலு நாள் காற்றில் போய்விடும். பின்னதுக்கு மாசக்கணக்கு வேண்டும். அதனால் பங்குனி, சித்திரையில் வெட்டிப் பிளந்துவிட வேண்டும். பிளக்காத உருட்டுக் கட்டை பட்டைக்குள்ளேயே ஈரத்தை வைத்துக்கொள்ளும். அடியில் கல்லோ பனந்துண்டோ போட்டுத் தரையிலிருந்து தூக்கி, குறுக்கும் நெடுக்குமாக இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேல் வரிசையில் பட்டை வானத்தைப் பார்க்கட்டும். அதன்மேல் சரிவாக ஓலை, பக்கங்கள் திறந்தபடி. இப்போது தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடிவிடுகிறார்கள். மண்ணின் ஆவி உள்ளேயே நின்று பூஞ்சணம் பூக்கிறது.

சென்னைப் பக்கத்தில் வருஷத்துக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டிவிடும். கோடையில் மொத்தமாக வாங்கிக் கொல்லையில் அடுக்க இடமும் பணமும் இருந்தவர்கள் அப்போது காய்ந்த விறகை எரித்தார்கள். அன்றன்று இரண்டு கிலோ வாங்கியவர்கள்தான் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்கள். தராசு பொய் சொல்லவில்லை, அதனால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

சவுக்கு இப்போது சாரத்துக்கும் காகித ஆலைக்கும் போகிறது. காகித ஆலையிலும் டன் கணக்குதான். வெட்டியதை உடனே லாரியில் ஏற்றினால் விவசாயிக்கு லாபம். ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் அத்தனை எடையும் அவர் கணக்கில் கழிந்துபோகும்.