தோளில் கிடந்த சரித்திரம்

"மலருக்கு ஒரு கட்டுரை கொடுப்பா" என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "எதைப் பத்தி சார் எழுதறது?" என்று கேட்டேன். "ஹாஸ்டல், மெஸ், கட் அடிச்ச கிளாஸ் இதையெல்லாம் ஏற்கெனவே பன்னிரண்டு பேர் எழுதிட்டாங்க. நீ வேற ஏதாவது எழுது" என்றார். வேற ஏதாவது என்றால் என்னிடம் இருப்பது ஒரு துப்பாக்கிக் கதைதான். பயப்பட வேண்டாம், இதில் யாரும் சாகமாட்டார்கள். ஒரு மரக்கட்டைக்குத்தான் சேதம். சேதம் செய்தவன் அடியேன்.

நம் கல்லூரி என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பரேடு மறந்திருக்காது. பூரிக்கிழங்குக்காகவே சேர்ந்தவர்கள் பாதிப் பேர். நானும் அந்தப் பாதியில் உண்டு. "சாவ்தான்! விஷ்ராம்!" என்று உஸ்தாத் போடும் சத்தத்தில் ஹாஸ்டலே எழுந்துகொள்ளும். டிரில்லுக்கு எங்களுக்குக் கொடுத்தது பழைய .303 ரைபிள். "த்ரீ நாட் த்ரீ" என்று செல்லமாகச் சொல்வோம். டிரில்லுக்கு மட்டுமே என்பதால் டி.பி. என்று முத்திரை குத்தியிருக்கும், சுடாது. கிட்டத்தட்ட 4 கிலோ. பத்து நிமிஷம் தோளில் வைத்தால் 14 கிலோ! என்னுடைய பட் நம்பர் 47. இரண்டு வருஷம் அதைச் சுமந்தேன், துடைத்தேன், திட்டினேன். ஆனால் அதன் கழுத்தில் இரும்பில் வெட்டியிருந்த எழுத்தை ஒருநாள்கூடப் படித்துப் பார்த்ததில்லை.

படிக்க வைத்தவர் ஓர் அமெரிக்கர்.

வேலை நிமித்தமாக அங்கே போயிருந்தபோது, எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு மெஷினிஸ்ட் இருந்தார். வயது எழுபதுக்கு மேல். அவருடைய கார் ஷெட்டில் காரைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. லேத், வைஸ், சுவர் முழுக்கப் பழைய ராணுவ ரைபிள்கள். நான் இந்தியன் என்று தெரிந்ததும் ஒரு ரைபிளை எடுத்து, போல்ட்டைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, கழுத்துப் பகுதியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மேலே கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற மூன்று எழுத்து, அதற்குக் கீழே 'இஷாப்பூர்', 1942.

"இந்த ஊர் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது! பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு, என்.சி.சி. 'பி' சர்டிபிகேட். தெரியாது. ஓர் அமெரிக்கர் எனக்கு வங்காளத்தின் பூகோளம் சொல்லிக்கொடுத்தார்.

அவர் சொன்னதும், பிறகு நானே தேடிப் படித்ததுமாகச் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். அவருடைய போல்ட்டும், கழற்றி மாட்டும் மேகஸினும்தான் இந்த ரைபிளின் உயிர். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலையின் பேரல் அதோடு சேர்ந்து, 1895 இல் 'லீ-என்ஃபீல்டு' ஆனது. நீளத்தைக் குறைத்து அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மாடல் வந்தது. அதில் 1907 இல் வந்த மார்க் 3 தான் இரண்டு உலகப் போரிலும் இந்தியச் சிப்பாய்களின் தோளில் இருந்தது. மேகஸினில் 10 தோட்டா. மற்ற நாட்டு ரைபிள்கள் பலவற்றில் 5 தான்.

இஷாப்பூர் கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. கம்பெனி காலத்தில் அங்கே வெடிமருந்து ஆலை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே இடத்தில் ரைபிள் தொழிற்சாலை வந்தது. ஜி.ஆர்.ஐ. என்றால் ஜார்ஜ் மன்னர், பேரரசர் என்று லத்தீனில் சொல்வதன் சுருக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய் அந்த இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது. மெஷின் அதேதான், முத்திரை மாறிவிட்டது. ஒரு தேசம் கைமாறியதை அந்த ஒரு அங்குல இரும்பில் படிக்கலாம்! 1962 சீனப் போருக்குப் பிறகு அதே வடிவத்தை இன்னும் உறுதியான எஃகில், 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி, 12 தோட்டா மேகஸினோடு '2ஏ', '2ஏ1' என்று இஷாப்பூரிலேயே செய்தார்கள்.

சரி, நம் ஊர் ரைபிள் அமெரிக்கக் கார் ஷெட்டுக்கு எப்படிப் போயிற்று?

போர் முடிந்தால் ராணுவங்களிடம் லட்சக்கணக்கில் ரைபிள் மிஞ்சும். அதை மொத்தமாக ஏலம் எடுத்து அமெரிக்காவில் சில்லறைக்கு விற்பது பெரிய வியாபாரம். 1950களில் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலிலேயே வாங்கலாம். 1963 இல் லீ ஹார்வி ஓஸ்வால்ட் அப்படித்தான் ஓர் இத்தாலிய கார்கானோ ரைபிளை, டெலஸ்கோப்போடு 20 டாலருக்குள் விளம்பரம் செய்ததை, தபாலில் வாங்கினார். அந்த ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி கென்னடியைக் கொன்றது அதுதான். 1968 இல் சட்டம் வந்து தபால் விற்பனையையும் ராணுவ உபரி ரைபிள் இறக்குமதியையும் அடைத்தது. 1984 இல் பழம்பொருள் என்ற வகையில் மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். அதன்பிறகு ரஷ்யாவின் மோசின், ஜெர்மனியின் மாசர், நம் இஷாப்பூர் எல்லாம் கடல் தாண்டின. நம் பெரியவர் வாங்கியதும் அந்த அலையில்தான்.

இப்படி வரும் ரைபிள் பளபளவென்று வராது. காஸ்மோலின் என்ற பழுப்பு நிறக் கிரீஸில் முக்கி எடுத்தது போல வரும். துரு பிடிக்காமல் இருக்கப் பூசுவது. பல வருஷம் ஆனால் கெட்டியாகி மரத்துக்குள்ளும் இறங்கிவிடும். சூடு காட்டினால் உருகி வெளியே வரும். பெரியவர் கட்டையைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் வைப்பார், கசிந்ததைத் துடைப்பார், மறுபடி வைப்பார். அவசரமே கிடையாது. கட்டையில் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒத்தடம் கொடுப்பார். ஆவியில் மரநார் உப்பி எழுந்துகொள்ளும்.

பேரலுக்கு வேறு வைத்தியம். பழைய .303 தோட்டாவின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது ஒரு வகை உப்பாகக் குழாய்க்குள் படியும். கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பி கதிதான் அதற்கும். எண்ணெய் போட்டால் உப்பு கரையுமா? தண்ணீரில்தான் கரையும். அதனால் அந்தக் காலச் சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய் போட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு அளவு உண்டு. தோட்டாவின் பின்விளிம்பு உட்காரும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி. .303 இல் அது 0.064 அங்குலம் இருக்க வேண்டும். ராணுவம் 0.074 வரை அனுமதித்தது. வித்தியாசம் கால் மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் பித்தளைக் குப்பி கிழிந்து, சூடான வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கி வரலாம். போல்ட்டிலும் ரைபிளின் உடலிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பெரியவர் முதலில் பார்ப்பது இதற்காகத்தான். ஃபேக்டரியில் ஒன்றுக்கொன்று பொருத்திய ஜோடி அது. எங்கள் டி.பி. ரைபிள் போன்றவற்றில் சிலவற்றுக்குச் சேம்பரிலேயே ஓட்டை போட்டிருப்பார்கள். அந்த ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடித்து விற்கிற புண்ணியவான்களும் உண்டாம். எழுத்தையும் எண்ணையும் படிக்கத் தெரியாதவன் இந்தப் பொழுதுபோக்குக்குள் வரக்கூடாது என்பார்.

கைபர் கணவாய்ப் பக்கம் தார்ரா என்ற ஊரில் அரத்தை வைத்தே கையால் லீ-என்ஃபீல்டு நகல் செய்வார்கள். அங்கே செய்த சிலவற்றில் ஆங்கில 'என்' எழுத்து தலைகீழாகத் திரும்பியிருக்கும். போலியைக் கண்டுபிடிப்பதும் எழுத்தை வைத்துத்தான்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அமெரிக்கச் சட்டப்படி ரிசீவர் என்கிற இரும்பு உடல்தான் துப்பாக்கி. என்னைப் போல விசாவில் இருப்பவன் பொதுவாக அதை வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் கட்டை வெறும் மரம். என் ஆர்வத்தைப் பார்த்துப் பெரியவர் அந்த 1942 இஷாப்பூரின் பின்கட்டையை மட்டும் கழற்றிக் கொடுத்தார். "எண்ணெயை மட்டும் எடு. போதும்" என்றார்.

இரண்டு வாரம் பால்கனி வெயிலில் வைத்துத் துடைத்தேன். கறுப்பு போகப் போக, வலது பக்கம் ஏதோ எழுத்தும் எண்ணும் மங்கலாகத் தெரிந்தன. பக்கத்தில் சின்னச் சின்னக் கீறல். நம் ஹாஸ்டல் மேஜையில் காம்பஸ் முனையால் பெயர் செதுக்குவோமே, அந்த மாதிரி எவனோ கிறுக்கியிருக்கிறான் என்று நினைத்தேன். பெரியவரை அசத்த வேண்டும் என்று ஆசை. உப்புத்தாள் வாங்கி வந்து ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். ஆளிவிதை எண்ணெய் மூன்று கோட்டு. புது வீட்டு வாசக்கதவு மாதிரி மின்னியது!

கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இங்கே ஏதாவது எழுதியிருந்ததா?" என்று கேட்டார்.

இருந்தது. ரெஜிமெண்ட் முத்திரையாக இருந்திருக்கலாம், ஆயுதக் கிடங்கின் எண்ணாக இருந்திருக்கலாம். அந்தக் கட்டை எந்தப் படைப்பிரிவில், எந்த ஊரில் இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி. இரண்டு எண்ணும், கடைசியில் 'ஆர்' போல ஓர் எழுத்தும் மட்டும் எனக்கு ஞாபகம் வந்தது. அதுகூட நிச்சயமில்லை. மெட்ராஸ் ரெஜிமெண்டா, ராஜ்புதானா ரைபிள்ஸா, போலீஸ் லைனா? இனி யாரும் சொல்ல முடியாது. நம் ஊர் ஆள் எவரோ தோளில் சுமந்ததை, எழுபது வருஷம் கிரீஸ் காப்பாற்றி வைத்திருந்ததை, நம் ஊர்க்காரனே ஒரு சனிக்கிழமையில் அழித்துவிட்டேன்.

"நான் முன்னாடியே விவரமா சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது" என்றார் பெரியவர். ஒவ்வொரு ரைபிளுக்கும் அவரிடம் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. அதை எடுத்துத் தேதி போட்டு எழுதினார்: 'பின்கட்டை தேய்க்கப்பட்டது. வலது பக்க முத்திரை அழிந்தது. வேலை செய்தவர்: ஒரு நண்பர்.' என் பெயரை எழுதவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. புதுசாக்குவது வேறு, மீட்பது வேறு. இஞ்சினியர் மூளைக்குக் கீறல் என்றால் குறை, துரு என்றால் குறை. நிறுத்த வேண்டியதைத்தான் நிறுத்த வேண்டும்: துரு பரவுவதை, மரம் வெடிப்பதை. நடந்து முடிந்ததை அழிக்கக்கூடாது. பளபளப்பை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். எழுத்து போனால் போனதுதான்.

2020 ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப் பிரதேச போலீஸ் .303க்கு விடைகொடுத்த செய்தியைப் படித்தபோது, என் பட் நம்பர் 47 எங்கே இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். அதன் கழுத்தில் கிரீடமா, சிங்கமா? எந்த வருஷம்? இரண்டு வருஷம் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தது, பார்க்கவில்லை.

நம் நாட்டில் .303 தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண ஆள் வாங்கிச் சேகரிக்க முடியாது. அது நல்லதுதான். ஆனால் படிப்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை. இப்போது பரேடுக்குப் போகும் தம்பி தங்கைகளே, உங்கள் கையில் கொடுப்பது எந்த ரைபிளாக இருந்தாலும், உஸ்தாதிடம் கேட்டுக்கொண்டு ஒரு தடவை அதன் எழுத்தைப் படித்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய மாணவர்களே, பரணில் என்.சி.சி. குரூப் போட்டோ இருந்தால் பிரேம் போடுகிறேன் என்று பின்பக்கத்து எழுத்தை வெட்டிவிடாதீர்கள்.

யாராவது பட் நம்பர் 47 ஐப் பார்த்தால், அதன் கழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த சந்திப்பில் எனக்குச் சொல்லுங்கள். பூரிக்கிழங்கு என் செலவு.