தலைப்பாகைக் கதையும் மாட்டு வண்டி ரோட்டும்

 

தரம் 9 பிள்ளைகளுக்கு நம் ஊர் வரலாறு பற்றி ஒரு ஒப்படை கொடுத்திருந்தோம். நாங்கள் என்றால் வரலாறு படிப்பிக்கும் நானும் கணிதம் படிப்பிக்கும் சேரும். வகுப்பில் பாதிக்கு மேல் ஒரே கதையைத்தான் எழுதிக்கொண்டு வந்தார்கள், தலைப்பாகைக் கதை.

உங்களுக்கும் தெரிந்ததுதான். பண்டாரவளை, எல்ல தாண்டி இறங்கி வந்த ரயில் பாதை தெமோதரையில் வந்து திகைத்து நிற்கிறது. பதுளைக்குப் போகவேண்டிய தரை ரொம்பப் பணிய கிடக்கிறது. இன்ஜினியர் வழி தெரியாமல் யோசித்துக்கொண்டிருக்கும்போது தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறார். துணி ஒரு சுற்றுச் சுற்றித் தனக்கு அடியிலேயே நுழைந்து வெளியே வருகிறது. இன்ஜினியர் அதைப் பார்த்துவிடுகிறார். லக்சபான நீர்மின் திட்டத்துக்காகப் பாடுபட்ட டி. ஜே. விமலசுரேந்திர அவர்களின் பெயரோடு இந்தக் கதை சொல்லப்படுவது வழக்கம்.

"சேர், இது உண்மையா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. சுவிட்சர்லாந்தில் கொத்தார்ட் ரயில் பாதை 1882இல் திறக்கப்பட்டபோதே மலைக்குள் சுழன்று ஏறும் சுரங்கங்கள் அதில் இருந்தன. டார்ஜிலிங் ரயில் அதற்கும் ஒரு வருடம் முந்தியது, அதிலும் வளையங்கள் உண்டு. நம் பாதை பதுளையைத் தொட்டது 1924இல். ஆகவே இந்த வித்தையைத் தலைப்பாகையில்தான் ஒரு பொறியியலாளர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் இந்தக் கதையைத் தூக்கி எறிய எங்களுக்கு மனமில்லை. நம் மலையில் வாழ்ந்த மனிதர் ஒருவர் அதில் வருகிறார். பெயர் இல்லாமல் வருகிறார் என்பதுதான் குறை. இன்ஜினியருக்குப் பெயர் இருக்கிறது, சுரங்கத்துக்குக்கூட 42 என்று இலக்கம் இருக்கிறது, கங்காணிக்கு இல்லை. பாறை உடைத்தவர்கள் கதைக்குள்ளேயே வரவில்லை.

சரி, இன்ஜினியர் ஏன் திகைத்தார்? அதைத்தான் பிள்ளைகள் யாரும் எழுதவில்லை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடி குறைவு. மலைநாட்டு ரயில் பாதையில் வைத்துக்கொண்ட எல்லை 44க்கு 1. அதாவது ஒரு அடி ஏற 44 அடி ஓட வேண்டும். இந்தக் கணக்கில் 100 அடி இறங்க 4,400 அடி பாதை தேவை. நேராகப் போட இடம் இல்லையென்றால் அந்த நீளத்தை மலையைச் சுற்றித்தான் தேட வேண்டும். தெமோதரையில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்ட கோச்சி ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் நுழைந்து போகிறது. நீலகிரியில் வேறு வழி எடுத்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் போன ரயிலுக்கு நடுவில் பல் வைத்த தண்டவாளம் போட்டு, 12.5க்கு 1 என்ற செங்குத்தில் ஏற்றினார்கள். பாதை குட்டை, ஆனால் கோச்சி ஊர்ந்துதான் போகும்.

1894இல் பண்டாரவளைக்கு வந்த ரயில் பதுளைக்கு வர இன்னும் 30 வருடம் எடுத்தது. இடையில் 500 மீற்றருக்கு மேல் இறக்கம்.

இதெல்லாம் நாங்கள் புத்தகத்தில் படித்தது. உடம்பால் படித்தது 2022இல்.

அந்த ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு கியூஆர் வந்தது, பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பாடசாலை தொடங்கியதும் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பழைய சைக்கிள் தேடிப் பிடித்தோம். எங்கள் மலையில் சைக்கிள் அரிது. கணித சேர் கிழக்குக் கரையில் பிறந்தவர், அங்கே வீட்டுக்கு வீடு சைக்கிள். நான் படித்ததும் அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில்தான். அந்தச் சமதரையில் சைக்கிள் மிதித்த தைரியம் எனக்கு. அங்கே எதிர்க்காற்று மட்டும்தான் எதிரி.

பெரிய ரோட்டிலிருந்து எங்கள் பாடசாலை ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. போக மூன்று வழி. தேயிலைக்குள்ளால் படி வைத்து ஏறும் குறுக்கு. அண்மைக் காலத்தில் போட்ட கொங்கிரீட் பாதை, 600 மீற்றர் இருக்கும். முடக்கு முடக்காகச் சுற்றி வரும் பழைய தோட்ட ரோட்டு, 2 கிலோமீற்றர். குறுக்கில் சைக்கிளைத் தோளில்தான் தூக்க வேண்டும். நாங்கள் கொங்கிரீட்டைத் தெரிவு செய்தோம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கிட்டத்தில், மேடு பள்ளம் இல்லாமல், ஓட்டோ எல்லாம் பறக்கிற பாதை.

மூன்றாம் நாள் முதலாம் பாடத்துக்கு வகுப்பில் நின்றபோது எங்கள் இரண்டு பேருக்கும் பேச மூச்சு வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். மொத்தப் பாதையும் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஏறியிருந்தோம்.

பிறகுதான் சேர் கணக்குப் போட்டார். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். 100 மீற்றர் தூக்க ஏறத்தாழ 83,000 ஜூல். எந்த வழியால் போனாலும் இதில் ஒரு ஜூல்கூடக் குறையாது. மாறுவது அதை எவ்வளவு நேரத்தில் கொடுக்கிறோம் என்பது மட்டும். கொங்கிரீட்டில் ஆறு அடிக்கு ஒரு அடி ஏற்றம். நடக்கிற வேகத்தில் மிதித்தாலும் 150 வாட் வேண்டும். எங்களைப் போன்ற சாதாரண ஆள் விடாமல் கொடுக்கக்கூடியது 100 வாட் அளவுதான். தோட்ட ரோட்டில் ஏறத்தாழ 20க்கு 1. மணிக்கு 6 கிலோமீற்றரில் போனால் 70 வாட் போதும், இதோடு ரோட்டின் கரடுமுரடுக்குக் கொஞ்சம்.

அந்த ரோட்டு எப்படி இவ்வளவு சீராக அமைந்தது? அது பெற்றோல் வருவதற்கு முன்னைய யோசனை. மாடு இழுக்கும் வண்டிக்குப் போடுகிற ரோட்டு மாட்டின் மூச்சுக்கு அளவாக இருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் பாதி வழியில் மாடு படுத்துவிடும். ரோட்டே இல்லாத காலத்திலும் இந்த மலைகளில் தவளம் போனது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் மாட்டு முதுகில் ஏற்றி வந்து, திரும்பும்போது பாக்குக் கொண்டு போன வியாபாரிகளில் நம் முஸ்லிம் முன்னோர் நிறையப் பேர். அவர்களும் மாடு ஏறக்கூடிய பக்கமாகத்தான் மலையைச் சுற்றியிருப்பார்கள்.

மலை ரோட்டுக்குச் சரிவு பார்க்க ஒரு கருவி உண்டு. அதன் பெயரே 'சிலோன் காட் டிரேசர்'. இந்திய நில அளவைப் பாடப்புத்தகங்களிலும் நம் நாட்டுப் பெயரோடுதான் இருக்கிறது. ஒரு குழாய், அதன் கீழ் நகர்த்தக்கூடிய ஒரு எடை. வேண்டிய சரிவுக்கு எடையை நகர்த்தி வைத்தால் குழாய் அந்த அளவுக்குச் சாயும். ஒருவர் அதில் கண் வைத்துப் பார்ப்பார். இன்னொருவர் அதே உயரத்தில் குறியடையாளம் வைத்த கம்போடு முன்னால் போய், சரிவில் மேலேயும் பணியவும் நகர்வார். குறி பார்வைக்கோட்டில் விழும் இடத்தில் ஒரு முளை. அங்கிருந்து அடுத்த முளை. முளைகளைத் தொடுத்துக்கொண்டு போனால் மலை எப்படி வளைந்தாலும் சரிவு மாறாது. நாங்கள் பாகைமானியில் நூலும் கல்லும் கட்டிப் பிள்ளைகளோடு போய் அளந்தோம். தோட்ட ரோட்டில் முடக்குக்கு முடக்கு 3 பாகை, அதற்குக் கிட்ட. கொங்கிரீட்டில் 9, 10.

கொங்கிரீட் பாதையைக் குறை சொல்லவில்லை. இரவில் நோயாளியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுபவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அது இன்ஜினை நம்பிப் போட்ட பாதை. இன்ஜின் நின்ற அன்று மாட்டுக்காகப் போட்ட ரோட்டுதான் எங்களைச் சுமந்தது. உருட்டிக்கொண்டு ஏறுவதைவிட 6 நிமிடம் கூடுதலாக எடுத்தது, உண்மை. ஆனால் வகுப்பில் மூச்சு வாங்காமல் பாடம் நடத்தினோம்.

இறங்கும்போது மட்டும் கொங்கிரீட் என்று ஒரு ஆசை இருந்தது. மழை பெய்த ஒரு பின்நேரம் சேரின் பிரேக் ரப்பர் பிடிக்காமல், அவர் கானுக்குள் போய் விழுந்தார். முழங்காலில் தோல் போனதோடு முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஏறும்போது கொடுத்த அதே 83,000 ஜூலும் இறங்கும்போது அந்த இரண்டு துண்டு ரப்பரில்தான் தீர வேண்டும். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் தோட்ட ரோட்டுதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட இலகுவான சரிவு ரயில் பாதைதானே, அதன் ஓரமாக உருட்டிக்கொண்டு போனால் என்ன என்றும் ஒரு நாள் பேசினோம். பேச்சோடு விட்டோம். அது சட்டப்படி குற்றம், முடக்கில் கோச்சி வருவது கண்ணுக்குத் தெரியாது, நாங்கள் போனால் பின்னாலேயே பிள்ளைகளும் வருவார்கள். இப்போதும் சில பிள்ளைகள் தண்டவாளத்தில் நடந்து வருகிறார்கள். பெற்றோர் தயவுசெய்து கவனியுங்கள்.

ஒப்படையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். புதுக் கேள்வி, உங்கள் வீட்டில் மூத்தவர்கள் எந்த வழியால் ஏறி இறங்கினார்கள், எதைச் சுமந்தார்கள், அந்த வழிக்கு என்ன பெயர்? பெரும்பாலும் குறுக்குகளின் பெயர்கள்தான் வருகின்றன. ஒரு பிள்ளையின் பாட்டி கொழுந்துக் கூடையோடு எண்ணிய படிகளின் கணக்கை இன்னும் மறக்கவில்லையாம்.

எங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பழைய தோட்ட ரோட்டில் மூன்றாவது முடக்குக்குப் பக்கத்தில் கருங்கல்லில் செதுக்கிய ஒரு தொட்டி புல்லுக்குள் கிடக்கிறது. வண்டி மாட்டுக்குத் தண்ணீர் வைத்ததா, வேறு எதற்குமா? தெரிந்த பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து எழுதிக்கொள்கிறோம். சைக்கிளில்தான் வருவோம், வீடு மேட்டில் என்றால் கொஞ்சம் பிந்தும்.