எரிந்து விலகும் குச்சி

நம் வீட்டு அடுப்பங்கரைகளில் எரிந்த தீக்குச்சியை உடனே எறியும் வழக்கம் இருந்ததில்லை. ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால், பழைய கரிக்குச்சியை அதில் காட்டி அடுத்த அடுப்பைப் பற்றவைப்பார்கள். புதுக்குச்சி ஒன்று மிச்சம். இதைக் கருமித்தனம் என்று நாம் சிரித்ததுண்டு.

கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அந்தக் கரிக்குச்சிதான் முதலில் நினைவுக்கு வந்தது. சோவியத் நாட்டின் கென்ரிக் ஆல்ட்ஷுல்லர் ஆயிரக்கணக்கான காப்புரிமைகளைப் படித்து, கண்டுபிடிப்புகளுக்கு அடியில் ஓடும் கொள்கைகள் 40 என்று வகுத்தார். அவற்றில் 34ஆவது: வேலை முடிந்த உறுப்பு தானே கரைந்தோ உதிர்ந்தோ விலக வேண்டும், அல்லது வேலையின் நடுவிலேயே புதுப்பிக்கப்பட வேண்டும். தீக்குச்சியைவிடச் சிறந்த உதாரணம் இதற்கு உண்டா என்று நமக்குத் தெரியவில்லை.

குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு. அதைப் பிடித்து நிறுத்துவது பசை. தலைக்குக் கீழே மரம் மெழுகை உறிஞ்சியிருக்கிறது. தலை கொழுந்துவிட்டு எரிவது கண்ணிமைக்கும் நேரமே. அந்த நேரத்தில் மரம் பற்றாது. மெழுகு ஆவியாகித் தீயை வாங்கி மரத்திடம் ஒப்படைத்துவிட்டுக் காணாமற்போகிறது. நல்ல தொழிற்சாலைகளில் மரத்தை அம்மோனியம் பாஸ்பேட்டுக் கரைசலில் நனைத்திருப்பார்கள். சுடர் அணைந்தபின் கனல் நீடிக்காமலிருக்க. பெட்டியின் பக்கவாட்டில் பூசிய சிவப்புப் பாஸ்பரஸ் ஒவ்வொரு உரசலிலும் கொஞ்சம் உதிரும். கடைசிக் குச்சிவரை அது தேய்ந்தும் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்குமேல் மிஞ்சினால் முதலாளிக்கு நட்டம்.

இந்தக் கணக்கு எளிதாகக் கைகூடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் குச்சித் தலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் புகை தொழிலாளரின் தாடை எலும்பை அரித்தது. 1888இல் லண்டன் தீக்குச்சித் தொழிலாளப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்ததன் பின்னணியில் அந்த நோயும் உண்டு. ஸ்வீடனில் 1844இலேயே பாஷ் என்பவர் பாஸ்பரஸைத் தலையிலிருந்து அகற்றிப் பெட்டியின் பக்கத்துக்கு மாற்றியிருந்தார். இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் சட்டம் 1913இல்தான் வந்தது.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் பயின்று திரும்பிய கதை பலரும் அறிந்தது. ஸ்வீடன் நாட்டாரின் விம்கோ நிறுவனம் இயந்திரங்களுடன் 1923இல் இங்கே கால்பதித்தது. கரிசலில் இயந்திரத்தின் இடத்தில் கைகள் இருந்தன. வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் எடுத்தபின் நீண்ட வெறும் மாதங்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று 'தீப்பெட்டி ஆபீஸ்' பரவியது. ஆலை என்று யாரும் சொல்லவில்லை, ஆபீஸ்தான்.

கேரளத்திலிருந்து வந்த மென்மரக் குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாதபடி சட்டத்தில் அடுக்குவது முதல் வேலை. சட்டத்தோடு மெழுகில் தோய்த்து, மருந்தில் முக்கி, காயவைப்பார்கள். காய்ந்ததும் குச்சிகள் பெட்டிக்குப் போகும். சட்டம் வெறுமையாகி அடுக்குபவளிடமே திரும்பும். இந்தத் தொழிலில் தேயாமல் திரும்பிவரும் பொருள் அது ஒன்றுதான். அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைகளில் நடந்தது.

அடுக்கிய விரல்களில் பல சிறுவிரல்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அதைக் காட்டியது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. அன்று சட்டம் அடுக்கிய சிறுமி இன்று நாற்பதைத் தொட்டிருப்பாள். அவளுக்கு அடுக்கத் தெரியும். இப்போது அடுக்குவதோ பெரும்பாலும் இயந்திரம். பெட்டி அடைக்கவும் கட்டுக் கட்டவும் அவள் போகலாம். 34ஆவது கொள்கையை மனிதர்மேல் இவ்வளவு துல்லியமாக வேறு எங்கும் செயற்படுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2007 முதல் ஒரு ரூபாயாக நின்ற பெட்டி விலை, 2021 டிசம்பர் 1 அன்று இரண்டு ரூபாயாயிற்று. அதற்குள் பத்து ரூபாய் லைட்டர் பெட்டிக்கடைகளில் தொங்கத் தொடங்கியிருந்தது. 2022இல் தமிழக முதல்வர் ஒன்றிய வர்த்தக அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்ற கணக்கு இடம்பெற்றது. 20 பெட்டியில் எத்தனை அடுக்கு, எத்தனை ஒட்டு, எத்தனை கூலி என்று கோவில்பட்டிக்காரர் மனக்கணக்காகவே சொல்வார்.

லைட்டரில் வாயு தீர்ந்தபின் கூடு அப்படியே நிற்கிறது: நெகிழி உடல், எஃகுச் சக்கரம், வில்சுருள், எல்லாம் பழுதின்றி. வேலை முடிந்தும் விலகத் தெரியாத பொருள். மலிவு லைட்டர்களின் இறக்குமதி, 20 ரூபாய்க்குக் கீழ்ப்பட்டவை எல்லாம், 2023 ஜூனில் தடைசெய்யப்பட்டது. உதிரிபாகங்களாக வரவழைத்து இங்கே பூட்டிக்கொள்ளும் வழி திறந்தே இருந்தது. 2024இல் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தபோது கோவில்பட்டியில் மகிழ்ந்தார்கள். ஆனால் தடைக்கு முன்பு விற்றுத் தீர்ந்த லைட்டர்களின் கூடுகள் கரிசல் ஓடைக்கரைகளில், சித்திரை வெடிப்புகளுக்குள் கிடக்கின்றன. பக்கத்தில் கிடந்த தீக்குச்சியை ஐப்பசி மழை கொண்டுபோய்விட்டது.